மூஸ் மானுக்கு ஒரு ரப்பர் பொம்மை

சுவீடனில் கார் ஓட்டுபவர்களுக்கு நம் ஊரில் இல்லாத ஒரு பயம் உண்டு. மூஸ் என்கிற ராட்சத மான்! குதிரையை விட உயரம், எடை 400 கிலோவைத் தாண்டும். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான கார்கள் இதன் மீது மோதுகின்றன.

இதில் தனி ஆபத்து என்ன? மூஸின் கால்கள் மிக நீளம். பம்பர் கால்களை மட்டும் தட்டிவிடும். கனமான உடல் பானெட்டுக்கு மேலே வந்து முன் கண்ணாடியிலும் கூரையிலும் விழும். முன்பக்கம் நசுங்கி அடியைத் தாங்குவதுதான் வழக்கமான பாதுகாப்பு. இங்கே அதற்கு வேலையே இல்லை! சுவரில் மோதும் சோதனையில் தேறிய கார்கூட இதில் தோற்றுப்போகலாம்.

அதனால் சுவீடனின் சாப், வோல்வோ நிறுவனங்கள் கண்ணாடியைத் தாங்கும் தூண்களையும் கூரையையும் பலப்படுத்துவதில் கவனம் செலுத்தின. ஆனால் எதை வைத்துச் சோதிப்பது? செத்த விலங்கு என்றால் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி இருக்கும், சீக்கிரம் அழுகியும் விடும். இரண்டு சோதனைகளை ஒப்பிடவே முடியாது.

2001ல் மாக்னஸ் யென்ஸ் என்பவர் தன் முதுகலை ஆய்வுக்காக இதற்கு விடை கண்டார். 116 ரப்பர் தட்டுகளை இரும்புக் கம்பியில் கோத்து, 350 கிலோவுக்கு மேல் எடையுள்ள மூஸ் பொம்மை ஒன்றைச் செய்தார். சாப் கார்களையும் ஒரு பழைய வோல்வோவையும் அதில் மோதவிட்டார்கள். கார்கள் நசுங்கிய விதம் நிஜ விபத்துகளைப் போலவே இருந்தது. பொம்மையோ மறுபடி மறுபடி மோதத் தயார்!

2022ல் இந்த ஆய்வுக்கு இக் நோபல் பரிசு கிடைத்தது. முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான பரிசு அது. சிரிப்பு வரலாம். ஆனால் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது மனிதர்கள் அல்லவா?