தாதுச்சத்து உட்கிரகிப்பு

உண்ட உணவிலுள்ள இரும்பு, துத்தநாகம், கால்சியம் முதலிய தாதுக்கள் குடற்சுவரைக் கடந்து ரத்தத்தில் சேர்வதைத் தாதுச்சத்து உட்கிரகிப்பு என்கிறோம். எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டவில்லை என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது தாதுக்களைப் பொறுத்தவரை அறிவியல் உண்மை. தட்டில் இருக்கும் சத்து ஒரு கணக்கு, ரத்தத்தில் சேர்வது வேறு கணக்கு.

இந்த வேறுபாடு மிகக் கூர்மையாகத் தெரிவது இரும்பில். வளர்ந்த ஒருவர் உடலில் 3 முதல் 4 கிராம் இரும்பு இருக்கிறது. மிகுதியான இரும்பை வெளியேற்ற உடலில் தனி வழி கிடையாது. அதனால் உள்ளே விடும் இடத்திலேயே, அதாவது இரைப்பையை அடுத்த முன்சிறுகுடலிலேயே, காவல் கடுமையாக இருக்கிறது. நாளொன்றுக்கு 1 முதல் 2 மில்லிகிராம்தான் உள்ளே போகும். கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்னும் ஹார்மோன் இந்தக் கதவை அடைக்கிறது. உடலில் இரும்பு குறைந்தால் ஹெப்சிடின் குறைந்து கதவு திறக்கும். நோய்த்தொற்றோ நீடித்த அழற்சியோ இருந்தால் ஹெப்சிடின் கூடி, நல்ல உணவு உண்டாலும் இரும்பு உள்ளே போகாது. சோகை தீராதவர்களிடம் வேறு நோய் இருக்கிறதா என்று மருத்துவர்கள் தேடுவதற்கு இது ஒரு காரணம்.

இறைச்சி, ஈரல், மீன் ஆகியவற்றிலுள்ள ஹீம் இரும்பில் ஏறத்தாழ 15 முதல் 35 விழுக்காடு உட்கிரகிக்கப்படும். கீரை, பருப்பு, தானியங்களில் இருப்பது ஹீம் அல்லாத இரும்பு. இதில் சேர்வது 2 முதல் 20 விழுக்காடு வரை மாறும். உடன் என்ன உண்கிறோம் என்பது இதைப் பெரிதும் தீர்மானிக்கிறது. வைட்டமின் சி, குடலால் எளிதில் ஏற்க முடியாத இரும்பை ஏற்கக்கூடிய வடிவத்துக்கு மாற்றிக் கரைந்த நிலையில் வைத்திருக்கிறது. முருங்கைக்கீரைப் பொரியலை இறக்கி வைத்தபின் அதன்மேல் அரை எலுமிச்சம்பழம் பிழிவது சுவைக்காக மட்டுமல்ல. வைட்டமின் சி சூட்டில் அழியும் என்பதால் அடுப்பில் இருக்கும்போது பிழிவதில் பயன் குறைவு. சோற்றோடு சிறிது மீன் சேர்ந்தால், அதே தட்டிலுள்ள தாவர உணவின் இரும்பும் கூடுதலாகச் சேரும்.

தேநீரும் காப்பியும் இதற்கு எதிர்ப்புறம் நிற்கின்றன. அவற்றிலுள்ள டானின் போன்ற பாலிஃபீனால்கள் இரும்பைப் பற்றிக்கொண்டு குடலில் நழுவிப் போகச் செய்கின்றன. உணவோடு சேர்த்துக் குடிக்கும் ஒரு கோப்பைத் தேநீர், ஹீம் அல்லாத இரும்பின் உட்கிரகிப்பைப் பாதிக்கும் மேலாகக் குறைக்கக்கூடும். காலைப் பலகாரத்தோடு காப்பி குடிக்கும் நம் வழக்கம், ஏற்கெனவே சோகையுள்ள பெண்களுக்கு உண்மையிலேயே கேடு செய்கிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்குச் சோகை இருந்தது.

தானியங்கள், பயறுகள், எள் ஆகியவற்றில் பாஸ்பரஸைச் சேமித்து வைக்கும் ஃபைட்டேட் என்னும் பொருள் இருக்கிறது. அது இரும்பையும் துத்தநாகத்தையும் கால்சியத்தையும் கட்டிப் பிடித்துக்கொள்ளும். இதன் விளைவை உலகுக்கு உணர்த்தியவர் பீகாரில் பிறந்த மருத்துவர் ஆனந்த பிரசாத். 1950களின் இறுதியில் ஈரானின் ஷிராஸ் நகரில் பணியாற்றியபோது, 21 வயதாகியும் சிறுவனைப் போலவே இருந்த ஓர் இளைஞரை அவர் கண்டார். அந்த இளைஞரின் உணவு பெரும்பாலும் புளிக்க வைக்காத கோதுமை ரொட்டி. களிமண் தின்னும் பழக்கமும் இருந்தது. இரும்புக் குறைவு மட்டும் இதற்குக் காரணமாக இருக்க முடியாது என்று எண்ணிய பிரசாத், பின்னர் எகிப்தில் நடத்திய ஆய்வுகளில், இத்தகைய வளர்ச்சிக் குறைவுக்குத் துத்தநாகக் குறைபாடு காரணம் எனக் காட்டினார். துத்தநாகம் மனிதருக்கு இன்றியமையாதது என்பது அப்படித்தான் தெரியவந்தது.

ஃபைட்டேட்டை உடைக்கும் வழி விதைக்குள்ளேயே இருக்கிறது. கேழ்வரகை இரவு ஊறவைத்து, நீரை வடித்து, ஈரத்துணியில் முடிந்து வைத்தால் ஓரிரு நாளில் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். முளைக்குப் பாஸ்பரஸ் வேண்டும் என்பதால் ஃபைட்டேஸ் நொதி விழித்து ஃபைட்டேட்டைச் சிதைக்கிறது. கூடவே தாதுக்களும் விடுபடுகின்றன. அதை உலர்த்தி வறுத்து அரைத்த மாவில் காய்ச்சும் கஞ்சி, குழந்தைகளுக்குச் சாதாரணக் கேழ்வரகுக் கஞ்சியைவிட மேலானது. 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம் இருந்தும், ஃபைட்டேட்டும் டானினும் அதை முழுதாகக் கிடைக்க விடுவதில்லை. இட்லி மாவு இரவெல்லாம் புளித்துப் பொங்கும்போதும் அதிலுள்ள ஃபைட்டேட் குறைகிறது.

கால்சியத்தை எடுத்துச் செல்ல வைட்டமின் டி வேண்டும். பசலைவகைக் கீரைகளின் ஆக்சலேட் கால்சியத்தை முடக்கும். கீரையை மட்டும் நம்பாமல் தயிர், மோர், முள்ளோடு மெல்லும் சிறுமீன் ஆகியவற்றைச் சேர்ப்பது நல்லது.  

கொக்கிப்புழு இருக்கும் குடலில் மேற்சொன்ன எதுவும் போதாது. புழு ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். குடற்புழு நீக்கும் மருந்து கொடுத்த பிறகே உணவு பலன் தரும்.

கர்ப்பிணிகளுக்கு அரசு மருத்துவமனைகளில் இரும்பு மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் தரப்படுகின்றன. இரண்டையும் ஒன்றாக விழுங்கினால் கால்சியம் இரும்பைத் தடுக்கும். இடையில் இரண்டு மணி நேரமாவது இருக்க வேண்டும். தலசீமியா போன்ற ரத்த நோயுள்ளவர்களுக்கு இரும்பு ஏற்கெனவே மிகுந்திருக்கலாம் என்பதால், அவர்கள் பரிசோதனையின்றித் தாமாக இரும்பு மாத்திரை வாங்கி உண்ணக் கூடாது. மற்றவர்கள் மாத்திரையைப் பாலிலோ தேநீரிலோ விழுங்காமல் தண்ணீரில் விழுங்குங்கள்; சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் காப்பி குடியுங்கள்.