இறால் குருதிநீர் மாதிரியெடுப்பு

உயிருள்ள இறாலைக் கொல்லாமல், சிறிதளவு குருதிநீரை ஊசியால் உறிஞ்சிச் சோதிக்கும் முறை. மருந்து நச்சாய்வில் எலியிடம் ஒரு தடவைக்கு ஏறத்தாழ 50 மைக்ரோலீற்றர் குருதியோடு நிறுத்திக்கொள்ளும் வழக்கமும் இதே எண்ணத்தில் எழுந்தது: விலங்கு பிழைத்திருந்தால் அதையே மறுபடி சோதிக்கலாம்.

இறாலின் குருதி சிவப்பல்ல. செம்பைக் கொண்ட ஈமோசயனின் அதில் இருப்பதால், காற்றுப் பட்டதும் மெல்லிய நீலம் ஏறும். வயிற்றுப் பக்கத்தில், நீந்துகாலின் அடியில் மெல்லிய ஊசி செலுத்தப்படும். ஊசிக்குழாயில் முன்கூட்டியே சோடியம் சிற்றேற்றுக் கரைசல் இருக்க வேண்டும். இல்லையேல் குருதிநீர் கண்ணெதிரே உறைந்துவிடும். வெண்புள்ளி வைரசு கடுமையாகத் தொற்றிய இறாலின் குருதி உறையத் தயங்கும். ஆய்வுகூட முடிவு வருமுன்னே கிடைக்கும் குறிப்பு இது. ஆயினும் தனியாக நோயைத் தீர்மானிக்கப் போதாது.

இத்தகைய நோய்களை இலங்கைப் பண்ணைகளும் சந்தித்தன. அங்கு வணிக இறால் வளர்ப்பு 1970களின் பிற்பகுதியில் மட்டக்களப்பில் தொடங்கி, 1980களில் புத்தளம் மாவட்டத்துக்கு நகர்ந்தது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் ஒரு வைரசு நோய் பண்ணைகளைத் தாக்கியது.

1996இல் வந்த வெண்புள்ளி நோயே பதிவுகளில் பெரும் இடம் பிடித்தது. சிலாபம், முந்தல், புத்தளம் களப்புகளை ஒல்லாந்தர் கால்வாய் இணைக்கிறது. பல பண்ணைகள் அதே நீரை எடுத்தன, கழிவையும் அதிலேயே விட்டன; ஒரு குளத்தின் நோய் அடுத்த குளத்தின் வாயிலுக்கே போய்ச் சேர்ந்தது. தொற்றிய குளம் மூன்று முதல் பத்து நாள்களில் முற்றாக அழியக்கூடும். வைரசு வெளிநாட்டு இறாலோடு வந்திருக்கலாம் என்பது பரவலான கருத்து, வழி உறுதியாகவில்லை. 1998இல் நோய் மீண்டும் தலைதூக்கியது. தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையை நிறுவும் சட்டமும் அவ்வாண்டினதே.

அதன்பின், வைரசின் மரபணுவைக் கண்டறியும் பிசிஆர் சோதனை முதன்மை பெற்றது. குஞ்சுகள் மிகச் சிறியவை என்பதால் முழுதாகவே அரைக்கப்படுகின்றன. கடலில் பிடிபடும் தாய் இறால் விலைமிக்கது. அதனிடம் நீந்துகால் நுனியோ சில துளிக் குருதிநீரோ போதும். இவ்விரண்டில் எது நம்பகமானது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. முட்டையிட்ட களைப்பில் மறைந்திருந்த தொற்று வெளிப்படுவதால், முட்டையிட்டபின் மறுபடி சோதிப்பதை ஆய்வாளர் சிலர் பரிந்துரைக்கின்றனர்.

அண்மைக் காலமாகப் புத்தளம் கரையில் புலி இறாலோடு வன்னாமி இறாலும் வளர்க்கப்படுகிறது.