பீட் நிலத் தீயின் கார்பன் கணக்கு

வெப்பமண்டலச் சதுப்புக் காடுகளில் இலை, வேர், மரத்துண்டு ஆகியவை நீரில் மூழ்கி, முழுதாக மக்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்து உருவாகும் கரிமண்ணே பீட். உத்தனப்பள்ளியை அடுத்த சானமாவு போன்ற வறண்ட காட்டில் கோடைத் தீ பெரும்பாலும் சருகையும் புல்லையும்தான் தின்னும். மழை பெய்ததும் புல் துளிர்த்துவிடும். பீட் நிலத்திலோ மண்ணே எரிபொருள். தமிழ்நாட்டில் நீலகிரியின் உயர்மலைச் சதுப்புகளில் சிறிதளவு பீட் உண்டு. பழங்காலத் தட்பவெப்பத்தை அறிய அது பயன்பட்டிருக்கிறது. ஆனால் தீக்கணக்கின் முக்கியக் களம் இந்தோனேசியா.

தீயில் வெளியேறிய கார்பனைக் கணக்கிட, எரிந்த பரப்பு, ஆழம், பீட்டின் அடர்த்தி, கார்பன் விகிதம் நான்கையும் பெருக்க வேண்டும். பரப்பைச் செயற்கைக்கோள் தரும், புகைமூட்டம் மறைக்காதவரை. சிக்கல் ஆழத்தில்தான். ஒரு எக்டேரில் 33 செ.மீ. எரிந்தால் 3,300 கனமீட்டர், கனமீட்டருக்கு 0.1 டன் வீதம் 330 டன் பீட். அதில் 57 விழுக்காடு கார்பன் என்றால் ஏறத்தாழ 188 டன். ஆழத்தில் ஒரு செ.மீ. பிசகினாலே எக்டேருக்கு 5.7 டன் பிசகும். தீக்கு முன் ஊன்றிய இரும்புக் கம்பி, தீக்குப் பின் எவ்வளவு வெளியே தெரிகிறது என்று அளப்பது ஒரு வழி. விமானத்திலிருந்து லேசர் அளவீடு செய்வது இன்னொன்று. 2006 தீயை அவ்வாறு அளந்தபோது சராசரி ஆழம் 33 செ.மீ. எனத் தெரிந்தது, ஆனால் அதற்குரிய ஏற்ற இறக்கமே 18 செ.மீ.

இந்தோனேசிய அதிபர் சுகார்த்தோ ஆட்சியில், போர்னியோ தீவின் மத்திய கலிமந்தானில் நெல் விளைவிக்கக் கால்வாய் வெட்டிப் பீட்டின் நீரை வடித்தார்கள். 1997-ல் எல் நினோ வறட்சியில் அது பற்றிக்கொண்டது. சூசன் பேஜ் குழு 2002-ல் வெளியிட்ட கணிப்பின்படி, 1997-ல் இந்தோனேசியாவில் வெளியேறிய கார்பன் 81 கோடி முதல் 257 கோடி டன் வரை. மும்மடங்கு இடைவெளி! அதைக் குறையாகச் சொல்வதற்கில்லை; ஆழம் தெரியாதபோது நேர்மையான விடை இப்படித்தான் இருக்கும்.

புகையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடும் முறையும் உண்டு. 2015 செப்டம்பர், அக்டோபரில் இந்தோனேசியத் தீயின் புகை சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களின் மூச்சையும் முட்டியபோது, செயற்கைக்கோள் கண்ட கார்பன் மோனாக்சைடைக் கொண்டு நாளொன்றுக்கு 1.13 கோடி டன் கார்பன் டை ஆக்சைடு எனக் கணித்தனர்; ஐரோப்பிய ஒன்றியத்தின் புதைபடிவ எரிபொருள்கள் அன்றாடம் வெளியிட்டதைவிட அது அதிகம். இம்முறைக்கு ஒவ்வொரு வாயுவும் எந்த விகிதத்தில் எழும் என்பது தெரிய வேண்டும். நெடுங்காலம் அதற்கு ஆதாரம், ஆய்வகத்தில் எரித்த ஒரே ஒரு சுமத்ரா மாதிரி. 2015-ல் களத்திலேயே அளந்தபோது மீத்தேன் அந்த ஆய்வக அளவில் பாதிகூட இல்லை.

பருவநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையேயான குழுவின் (ஐ.பி.சி.சி.) 2013 வழிகாட்டி, வடிக்கப்பட்ட பீட் காட்டுத்தீயில் எக்டேருக்கு 353 டன் பீட் எரிவதாக வைத்துக்கொள்கிறது. ஒரே இடம் மறுபடி மறுபடி எரியும்போது ஆழம் குறைந்துகொண்டே போவதால், அங்கே இந்த எண் மிகையாகிவிடும்.