மூன்று கிண்ணங்கள்

வலையபட்டியானாலும் சரி, காரைக்குடியானாலும் சரி, செட்டிநாட்டுப் பெரிய வீட்டில் பீங்கான் கோப்பை இருந்தால் அதற்குக் கண்ணாடி அலமாரியில் இடம் உண்டு. மண்சட்டிக்கு அடுப்படிதான். கடல் கடந்து வந்தது கலை, உள்ளூர்க் குயவர் வனைந்தது வெறும் பாண்டம் என்று எண்ணிப் பழகிவிட்டோம். இந்தப் பழக்கம் சரித்திர ஆராய்ச்சிக்காரர்களையும் ஒரு சமயம் ஏமாற்றியிருக்கிறது.

முதலில் நம் சிவகங்கை மாவட்டத்துக் கீழடிக் கிண்ணத்தைப் பார்ப்போம். 2015-இல் தொடங்கிய அகழாய்வில் கிடைத்த கறுப்பு-சிவப்பு ஓடுகள் அங்கே ஏராளம். உட்புறமும் விளிம்பும் கறுப்பு. வெளியே அடிப்பாகம் சிவப்பு. இதற்குச் சாயம் பூசவில்லை. சூளையில் கிண்ணத்தைக் கவிழ்த்துச் சுட்டால், காற்றுப் புகாத உட்புறத்தில் கரி ஏறிக் கறுத்துவிடும். காற்றுப் பட்ட வெளிப்புறத்தில் மண்ணிலுள்ள இரும்பு சிவந்துவிடும். அலங்காரம் என்றால் வழவழப்பான மெருகு ஒன்றுதான். சுட்ட பிறகு அதன்மேல் யாரோ ஒரு குறியையோ, ‘ஆதன்’ என்று தமிழ் எழுத்தில் ஒரு பெயரையோ கீறி வைத்தார்கள்.

இரண்டாவது கிண்ணம் இத்தாலியில் அரெஸ்ஸோ நகரத்துச் சரக்கு. பளபளக்கும் செம்பூச்சு, அடியில் பட்டறையின் முத்திரை. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது விபி, கமுரி, இத்தா என்ற முத்திரைகள் அகப்பட்டன. அந்நாட்டில் பட்டறை முதலாளியின் பெயரைப் பதிப்பார்கள். சில சமயம் அவனுடைய அடிமையின் பெயரும் சேர்ந்து நிற்கும்.

மூன்றாவதுதான் வழக்குக்கு உரியது. மெல்லிய சாம்பல் நிறத் தட்டு. உள்ளே அடிப்பாகத்தில் வட்டம் வட்டமாகச் சிறு பற்குறிகள். சக்கரம் சுற்றும்போதே கருவியைத் தொட்டு இட்ட கோலம் அது. இத்தனை நேர்த்தியைக் கண்ட வீலர், இது மத்தியதரைக் கடல் நாட்டிலிருந்து வந்தது என்றே கொண்டார். அந்தக் கணக்கை வைத்துத் தென்னாட்டு ஊர்கள் பலவற்றுக்கு வயது குறித்தார்கள்.

1980-களில் விமலா பெக்லி இந்த முடிவை மறுத்தார். இது இந்தியாவிலேயே செய்தது, கிறிஸ்துவுக்கு முன்பே வழங்கியது என்றார். 1990-களில் எக்ஸ்-கதிர் கொண்டு களிமண்ணைச் சோதித்தபோது, வங்காளத்தில் தாம்லுக், சந்திரகேதுகர் பக்கத்து மண்ணோடு அது ஒத்திருந்தது. ரோமாபுரிக் கப்பல் வருவதற்கு முன்பே கங்கை முகத்திலிருந்து வைகை முகத்து அழகன்குளம் வரை நம்மவர் கடல்வழி வாணிகம் நடத்தியிருக்கிறார்கள் என்று இதனால் விளங்கிற்று. ஒரு தட்டின் பிறப்பிடம் மாறியதும் ஒரு நாட்டின் வயதே மாறிவிட்டது!

இத்தாலியக் கிண்ணத்தில் பட்டறையின் பெயர் இருக்கிறது. கீழடிக் கிண்ணத்தில் இருப்பது பெரும்பாலும் அதை வைத்து உண்டவரின் பெயர் என்பார்கள். பற்குறித் தட்டை வனைந்தவரோ தம் பெயரை விட்டுச் செல்லவில்லை. அவருக்காகச் சாட்சி சொல்ல மண்தான் இரண்டாயிரம் ஆண்டு காத்திருந்தது.

மானாமதுரையில் வேளார்கள் இன்றும் சக்கரம் சுற்றுகிறார்கள். அடுத்த முறை அங்கே ஒரு சட்டி வாங்கினால், விலை பேசுமுன் வனைந்தவரின் பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.