நேராகப் போகாத ஆறு

"டேய், நேரா போடா!" என்று முன்னால் உட்கார்ந்திருந்த நண்பன் கத்தினான். நான் நேராகத்தான் துடுப்புப் போட்டேன், கனூதான் கேட்கவில்லை. வலப்பக்கம் தள்ளினால் மூக்கு இடப்பக்கம் திரும்பியது. அதைச் சரிசெய்ய இடப்பக்கம் ரெண்டு தள்ளு தள்ளினேன். அடுத்த நிமிஷம் நாணலுக்குள் இருந்தோம். வழிகாட்டி சிரித்தபடி சைகையில் சொல்லிக்கொடுத்தார்: வளைவு வந்த பிறகு திருப்பக்கூடாது, வருவதற்கு முன்பே திருப்ப வேண்டும்.

ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில் ஓடும் குஷிரோ ஆறு அது. குஸ்ஸாரோ ஏரியில் தொடங்கி 154 கிலோமீட்டர் ஓடிப் பசிபிக்கில் கலக்கிறது. கடலை நெருங்கும்போது ஜப்பானின் மிகப்பெரிய சதுப்பு நிலத்துக்குள் நெளிந்து நெளிந்து போகிறது. டோரோ ஏரியில் இறங்கி ஹொசோகா வரை போவது எங்கள் திட்டம். இரண்டு கரையிலும் நாணலும் ஆல்டர் மரங்களும்தான். மனிதர் கை படாத இடம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கரையேறிய பிறகு படித்ததில் அந்த நினைப்பு உடைந்தது.

இந்த ஆறு முதலில் ஐனு மக்களின் சாலை. ஒரே மரத்தைக் குடைந்து செய்த படகில் போவார்கள், ஏறி வரும் சால்மன் மீனைப் பிடிப்பார்கள். மெய்ஜி அரசு ஹொக்கைடோவைத் தன்னோடு சேர்த்துக்கொண்ட பிறகு ஆறுகளில் அவர்கள் சால்மன் பிடிக்கத் தடை வந்தது. 1885இல் குஷிரோவின் ஐனு குடும்பங்கள் உள்நாட்டுக்குக் குடிபெயர்க்கப்பட்டன.

அதே 1885இல் ஆற்றின் மேல்பகுதியில், ஷிபெச்சாவில், ஒரு சிறை திறக்கப்பட்டது. அங்கிருந்த கைதிகளை அட்டோசானுபுரி எரிமலையில் கந்தகம் வெட்ட அனுப்பினார்கள். வெட்டியது ரயிலில் ஷிபெச்சாவுக்கு வந்து, அங்கிருந்து படகில் இதே ஆற்றின் வழியே துறைமுகம் போனது. கந்தகப் புகையில் கைதிகளின் கண் போனது, சிலர் உயிரும் போனது. கடைசியில் சிறை நிர்வாகமே அவர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டது. அந்தச் சிறையின் தலைமைக் கட்டடத்தைப் பின்னாளில் பெயர்த்துக் கொண்டுவந்து டோரோ ஏரிக்கரையில் நிறுத்தியிருக்கிறார்கள். நாங்கள் கனூ ஏறியதும் அதே ஏரியில்தான்.

அப்புறம் எஞ்சினியர்கள் வந்தார்கள். 1920இல் பெருவெள்ளம் குஷிரோ நகரை மூழ்கடித்தது. அதற்குப் பதிலாக ஆற்றுக்கு நேரான புதுக் கால்வாய் வெட்டினார்கள். பிற்பாடு மேய்ச்சல் நிலத்துக்காக மேலே கயானுமா பக்கமும் வளைவுகளை வெட்டி நேராக்கினார்கள். வளைவு இருந்தால் வெள்ளம் வழியில் பரவி வண்டலை இறக்கிவிட்டுப் போகும். நேராக்கிய ஆறு அதை அப்படியே கீழே கொண்டுவந்து சதுப்பில் கொட்டியது. நாணல் நின்ற இடத்தில் ஆல்டர் காடு பரவியது. நான் ரசித்த மரங்களில் பாதி இப்படி வந்தவையோ என்னவோ! வேடிக்கை என்னவென்றால், கிட்டத்தட்ட அதே காலத்தில், 1980இல், ஜப்பானின் முதல் ராம்சர் தலமானதும் இந்தச் சதுப்புதான்.

2010இல் கயானுமாவில் 1.6 கிலோமீட்டர் நேர்க்கோட்டை மறுபடி 2.4 கிலோமீட்டர் வளைவாக்கினார்கள். பழைய தடத்தைத் தோண்டி ஆற்றை அதில் திருப்பிவிட்டார்கள். எங்கள் வேலையில் இதற்கு ரோல்பேக் என்று பேர். செய்த மாற்றம் தப்பு என்று தெரிந்தால் பழைய நிலைக்குத் திரும்பிவிடுவோம். அப்படித் தப்பை ஒத்துக்கொள்ளும் தைரியம் எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் ரோல்பேக்கில் முதல் கேள்வி, எந்தத் தேதிக்குத் திரும்புவது என்பதுதான். 2020இல் ஹொக்கைடோவின் உராஹொரோ ஊர் ஐனு மக்கள், தங்கள் ஆற்றில் சால்மன் பிடிக்கும் உரிமை தங்களுக்கு உண்டு என்று வழக்குப் போட்டார்கள். 2024இல் சப்போரோ மாவட்ட நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது.

ஆற்றுக்கு அதன் வளைவைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. அந்த ரோல்பேக் கால்வாய் வெட்டிய வருஷத்தோடு நின்றுவிட்டது, 1885 வரை போகவில்லை.