கையொப்பமும் நெஞ்சொப்பமும்

சொற்பிறப்பு ஆராய்ச்சியைப் புலவர்களின் பொழுதுபோக்கென்று கருதுவோர் உளர். வன்னி மண்ணில் வாழும் நாம் அவ்வாறு கருதுதல் இயலாது. ஒப்பந்தம் பிறந்தபோதும் அது முறிந்தபோதும் விளைவைச் சுமந்தவை நம் ஊர்களே.

1987 யூலை 29 ஆம் நாள் இராஜீவ் காந்தியும் ஜே. ஆர். ஜயவர்த்தனாவும் கொழும்பிற் கைச்சாத்திட்ட பத்திரத்தை ஆங்கில ஏடுகள் 'அக்கோட்' என வழங்கின. இலத்தீனில் 'கோர்' என்றால் இதயம். 'அட்' என்பது ஒன்றை நோக்கிச் செல்லுதலைக் குறிக்கும் முன்னொட்டு. இவ்விரண்டும் கூடிப் பிறந்த வினை, பழைய பிரெஞ்சின் வழியே ஆங்கிலத்தை அடைந்தது. ஒரே நெஞ்சினராதல் என்பதே அதன் அடிப்பொருள். பல சுரங்களை ஒருங்கே இசைக்கும் அக்கோடியன் என்னும் வாத்தியத்தின் பெயரும் இவ்வழி வந்ததே.

நம் மொழியில் 'உடன்படிக்கை' என்பது 'உடன்படு' என்னும் வினையடியாகத் தோன்றியது. வகுப்பில் உடம்படுமெய் கற்பிக்கும்போதெல்லாம் இச்சொல் என் நினைவுக்கு வரும். 'மணி', 'அடித்தது' என்னும் இரு சொற்கள் 'மணியடித்தது' எனப் புணர்கின்றன. அடுத்தடுத்து நின்ற இரண்டு உயிர்களை இடையில் தோன்றிய யகரம் இணைக்கிறது. இகரமும் அழிவதில்லை, அகரமும் அழிவதில்லை.

இந்த அளவுகோலால் நம் வரலாற்றை அளந்து பார்ப்போம். 1957 யூலை 26 இல் எழுந்த பண்டா – செல்வா ஒப்பந்தம், குடியேற்றத் திட்டங்களிற் காணி பெறுவோரைத் தெரிவுசெய்யும் அதிகாரத்தைப் பிரதேச சபைகளுக்கு வழங்க முன்வந்தது. வன்னி உழவனுக்கு அது உயிர்ப் பிரச்சினை. ஆனால், அதன் நியாயத்தைச் சிங்கள உழவனின் முற்றத்திற் சென்று எடுத்துரைக்க ஆட்சியாளர் முனையவில்லை. 1958 ஏப்ரலில், பிக்குகளின் எதிர்ப்புக்குப் பணிந்து, பண்டாரநாயக்கா அதனைக் கைவிட்டார். 1965 மார்ச் 24 இன் டட்லி – செல்வா ஒப்பந்தமும் நிறைவேறவில்லை. 1987 இல் ஒப்பமிட்டவை இரு அரசுகள்; எம்மக்களின் வாழ்வு அதிற் பேசப்பட்டதோ அம்மக்களின் ஒப்பம் அதில் இல்லை. அவ்வாண்டு ஒக்டோபரிலேயே, அமைதி காக்க வந்த படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மூண்டது.

2002 பெப்ரவரி 22 இல் பிரதமர் ரணில் விக்கிரமசிங்க போர்நிறுத்த உடன்படிக்கையிற் கைச்சாத்திட்ட இடம் நம் வவுனியாவே. ஏ-9 வீதி திறந்தது. பிரிந்திருந்த உறவுகள் கண்டு கண்ணீர் உகுத்தன. இரு தரப்பாரும் அதனை மீறினர். 2008 சனவரியில் அரசாங்கம் விலகியது. மறு ஆண்டு மே மாதம் முள்ளிவாய்க்காலிற் போர் முடிந்தபோது, மாண்டவர்களுட் பெருந்தொகையினர் எந்தப் பத்திரத்திலும் ஒப்பமிடாத ஏழை எளிய மக்கள்.

இனியொரு பத்திரம் எழுதப்படுமாயின், அதன் வாசகங்கள் முதலில் முல்லைத்தீவின் மீனவனுக்கும் அநுராதபுரத்தின் உழவனுக்கும் அவரவர் மொழியிற் படித்துக் காட்டப்படட்டும். அவர்களின் நெஞ்சொப்பம் பெற்ற பின்னர்த் தலைவர்கள் கையொப்பம் இடலாம்.