கொம்பு கடந்த தூரம்

சிராங்கூன் சாலையில் இருக்கும் ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலின் பெயரைத் தமிழில் எழுதுகிறவர், 'பெருமாள்' என்ற சொல்லுக்கு வந்ததும் முதலில் போடுவது பகரத்தை அல்ல, ஒற்றைக்கொம்பை. வாய் சொல்லும் வரிசை வேறு. அதில் பகர ஒலி முந்துகிறது, எகரம் அதைத் தொடர்கிறது. கைக்கும் வாய்க்கும் உள்ள இந்த வேறுபாடு காகிதத்தில் யாரையும் உறுத்தியதில்லை. கணினிக்குள் தமிழ் நுழைந்தபோதுதான் கொம்பை எங்கே வைப்பது என்பது கேள்வியானது. அதற்கு விடை தேடிய பயணத்தில் சில முக்கியமான நிறுத்தங்கள் சிங்கப்பூரில் இருக்கின்றன.

ஓலையில் கொம்பு எளிமையாக வாழ்ந்தது. புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் எழுதுவோர் புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். குறிலைக் காட்டும் புள்ளி இல்லாததால் 'கெ', 'கே' இரண்டுக்கும் ஒரே வடிவம். குறிலா நெடிலா என்பதை வாசிப்பவர் இடம் பார்த்து அறிந்துகொண்டார். 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்கு இரட்டைக்கொம்பைத் தந்தார். படிப்பவரின் ஊகத்துக்கு விட்டிருந்ததை எழுதுபவரின் பொறுப்பாக்கிய திருத்தம் அது.

அடுத்த நிறுத்தம் தட்டச்சுப்பொறி. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்த ஆர். முத்தையா 1907இல் மலாயாவுக்குக் கப்பலேறி, பின் சிங்கப்பூரில் ஐசக் ஹென்டர்சன் நிறுவனத்தில் 1930 வரை வேலை பார்த்தார். ஆங்கிலத்துக்குப் பொறி இருக்கத் தமிழுக்கு இல்லையே என்ற குறை அவரைத் தமிழ் விசைப்பலகை அமைக்க வைத்தது. இத்தனை எழுத்துகளுக்கும் தனித்தனி விசை வைக்க இடமில்லை. ஆகவே பல எழுத்துகளுக்குப் பொதுவான குறிகளைப் பிரித்தெடுத்தார். தட்டினாலும் உருளை நகராத நகரா விசைகளையும் சேர்த்தார். கொம்பு அங்கே தனி விசை. அதை முதலில் தட்டி, எழுத்தைப் பிறகு தட்ட வேண்டும். கையெழுத்தின் வரிசையே பொறிக்கும் வரிசையானது.

கணினி வந்ததும் அந்த ஒழுங்கு சிதறியது. 8 பிட் எழுத்துருவில் இருப்பது 256 இடம். அதில் பாதி ஆங்கிலத்துக்குப் போனது. மீதியில் தமிழின் குறிகளை ஒவ்வொரு எழுத்துரு ஆக்குநரும் தம் விருப்பப்படி வைத்தார். ஒருவர் கொம்பு வைத்த எண்ணில் இன்னொருவர் ணகரம் வைத்திருப்பார். ஒரு கணினியில் எழுதிய கடிதம் இன்னொன்றில் திறந்தால் புரியாத கிறுக்கலாகிவிடும்.

1995 அக்டோபரில், சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் தாங்கிய இணையத்தளத்தை அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்தார். தமிழ் எழுத்து இணையமேறிய முதல் பக்கங்களில் அதுவும் ஒன்று. அதன் பின்னால் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீயும், தேசியக் கல்விக்கழக விரிவுரையாளரும் சிறுகதை எழுத்தாளருமான நா. கோவிந்தசாமியும் இருந்தார்கள். 'கணியன்' விசைப்பலகையை உருவாக்கியவர் கோவிந்தசாமி. 1997 மே மாதம் தமிழ்க் கணிமையாளர்களைச் சிங்கப்பூருக்கு அழைத்து நடந்த 'தமிழ்நெட் 97' மாநாடு, ஆளுக்கொரு குறியீடு இனிப் போதும் என்ற பேச்சை முன்னெடுத்தது. 1999இல் சென்னை மாநாடு தமிழ்99 விசைப்பலகையையும் டாம், டாப் குறியீடுகளையும் தந்தது. இன்னொரு பக்கம் மின்னஞ்சல் வழியே உலகத் தமிழர்கள் கூடி டிஸ்கி குறியீட்டை வடித்தார்கள். 2000 ஜூலையில் மீண்டும் சிங்கப்பூரில் மாநாடு கூடியபோது உலகத் தமிழ்க் கணிமையாளர்களின் அமைப்பான 'உத்தமம்' பிறந்தது. அதைக் காண நா. கோவிந்தசாமி இல்லை, முந்தைய ஆண்டே மறைந்துவிட்டார்.

டிஸ்கியில் கொம்பு கையெழுத்து வரிசைப்படி எழுத்துக்கு முன்னால் நின்றது. உலக மொழிகளுக்குப் பொதுவான குறியீடான யூனிகோட் வாயின் வரிசையை எடுத்துக்கொண்டது. அதில் 'பெ' என்றால் முதலில் பகரம், அடுத்துக் கொம்பு. திரையில் காட்டும்போது ஹார்ஃப்பஸ் போன்ற திறமூல மென்பொருள் கொம்பை இடப்பக்கம் நகர்த்துகிறது. பழைய கோப்பை யூனிகோடுக்கு மாற்றும் நிரல் ஒவ்வொரு கொம்பையும் இடம்பெயர்த்தாக வேண்டும்.

பயணம் இங்கே முடிந்ததாகத் தோன்றும். திறமூல மென்பொருள்களின் தமிழ் ஆவணங்களில் வேலை செய்பவர்கள் முடியவில்லை என்பதை அறிவார்கள். அவர்கள் அதிகம் எழுதும் சொல் 'கோப்பு'. அதன் 'கோ'வை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே எண்ணாக வைக்கலாம், இரட்டைக்கொம்பும் காலும் என இரண்டு எண்களாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. எண்களை அப்படியே ஒப்பிடும் தேடலுக்கு அவை வேறு வேறு சொற்கள். பத்துப் பேர் எழுதிய கையேட்டில் 'கோப்பு' என்று தேடினால் பாதி இடங்கள் அகப்படாமல் போகலாம். மாற்றங்களை ஒப்பிடும் கருவியோ, படிப்பவருக்கு எதுவுமே மாறாத வரியை மாறியதாகக் காட்டும்.

இந்தக் குறையைத் தீர்க்க வழி இருக்கிறது. என்எஃப்சி என்னும் இயல்பாக்கம் இரண்டு வடிவையும் ஒன்றாக்கிவிடும். பங்களிப்பு வந்து சேரும் வாசலிலேயே அதை ஓடவிடலாம். ஆனால் 'கௌ' எழுதக் கொம்பும் ளகரமும் தட்டுகிறவரின் பிழையை அது திருத்தாது. யூனிகோடின் கண்ணில் அவை தனித்தனி எழுத்துகள். கோயில் பெயரில் வரும் 'ஸ்ரீ'யும் அப்படித்தான். ஸகரத்தை வைத்தும் எழுதலாம். 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தை வைத்தும் எழுதலாம். பல எழுத்துருக்களில் வடிவம் ஒன்றே. எதைக் கொள்வது என்று மனிதர்கள்தான் பேசி முடிவெடுத்து நடைக்கையேட்டில் எழுதிவைக்க வேண்டும்.

ஆவணத்தில் வடிவ ஒழுங்கு கேட்பவரை அழகு பார்ப்பவராக எண்ணிவிடுகிறோம். கொம்பின் கதை வேறொன்றைச் சொல்கிறது. கையின் வரிசையும் தவறில்லை, வாயின் வரிசையும் தவறில்லை. 'கோ'வைச் சேமிக்கும் இரண்டு வடிவமும் அப்படித்தான். ஒரே ஆவணத்தில் அவை கலந்ததால்தான் படிப்பவர் தேடியது கிடைக்காமல் போனது. 1997இல் அத்தனை பேர் பல ஊர்களிலிருந்து சிங்கப்பூருக்கு வந்து உட்கார்ந்து பேசியது, ஓர் ஊரில் எழுதியதை மற்றோர் ஊரில் படிக்க முடிய வேண்டும் என்பதற்காக. திறமூலக் கையேட்டில் 'கோப்பு' என்ற ஒரு சொல்லைத் திருத்தி அனுப்புகிறவர் அந்த வேலையைத்தான் தொடர்கிறார்.